ஆர்கானிக் என்னும் அடைமொழி: உணவு முத்திரைகள் குறித்து ஒரு வாசிப்பு

1

தின்கிற பொருளுக்கு ஓர் அடைமொழி இல்லாமல் இன்றைக்கு எதையும் விற்க முடிவதில்லை. நாகர்கோவிலிலும் தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் சமீப வருடங்களில் முளைத்திருக்கும் 'இயற்கை அங்காடி'களின் அலமாரிகளை ஒரு பிரதியைப் போல இடமிருந்து வலமாக வாசித்துப் பாருங்கள்: ஆர்கானிக் சம்பா அரிசி, மரச்செக்கு நல்லெண்ணெய், நாட்டுச் சர்க்கரை, சுத்தமான மலைத்தேன், ஒரிஜினல் கருப்பட்டி, பாரம்பரிய அவல். பொருளின் பெயர் சின்ன எழுத்தில் இருக்கும். அடைமொழி பெரிய எழுத்தில், பெரும்பாலும் பச்சை நிறத்தில் இருக்கும். கூடுதலாக நாம் கொடுக்கும் காசு அந்தப் பச்சை எழுத்துக்குத்தான்.

இந்தச் சொற்கள் நம் உணவுத் தேர்வை என்ன செய்கின்றன என்பதே இக்கட்டுரையின் கேள்வி. நண்பர்களிடையே இதற்கு இரண்டு விடைகள் தயாராக இருக்கின்றன. இயற்கை வேளாண்மையில் ஈடுபாடுள்ள தோழர்கள், 'முத்திரை என்பது தகவல், தகவல் கிடைத்தால் சனங்கள் நல்லதைத் தேர்ந்தெடுத்துக்கொள்வார்கள்' என்கிறார்கள். இடதுசாரி நண்பர்கள் பலர், 'அதெல்லாம் காசுள்ளவன் சோக்கு' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். முதல் தரப்பு முத்திரையை நம்புகிறது. இரண்டாம் தரப்பு நம்பவில்லை. இரண்டு தரப்புமே அதை வாசிக்கவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. முத்திரை எதைச் சொல்கிறது, நாம் எதை வாசித்துக்கொள்கிறோம், இரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியில் யார் காணாமல் போகிறார்கள் என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

2

தமிழ் எம்.ஏ. படித்தவன் என்பதால் முதலில் எனக்கு நினைவுக்கு வருவது இலக்கணம். அடைமொழி இரண்டு வகைப்படும் என்பதைத் தொல்காப்பியக் கிளவியாக்கத்தையும் அதன் உரைகாரர்களையும் படித்தவர்கள் அறிவார்கள். 'செந்தாமரை' என்றால் வெண்டாமரையும் உண்டு. அதிலிருந்து இதைப் பிரித்துக்காட்ட அடை தேவைப்படுகிறது. இது இனஞ்சுட்டிய அடை. 'செஞ்ஞாயிறு' என்றால் கருஞாயிறு என்று ஒன்று கிடையாது. எதிலிருந்தும் எதையும் பிரிக்காத இந்த அடை இனஞ்சுட்டாதது. அது பேச்சு வழக்குக்கு உரியதன்று, செய்யுளுக்கு உரியது என்பது இலக்கணத்தின் முடிவு. முதல் அடை தகவல் தருகிறது. இரண்டாம் அடை புகழ்கிறது. தகவலுக்குரிய இடத்தில் புகழை வைப்பதும், வாங்குபவர் அதைத் தகவலென்றே எடுத்துக்கொள்ளும்படி செய்வதும்தான் விளம்பரத்தின் வேலை. அந்த அர்த்தத்தில் விளம்பரம் நம் காலத்தின் செய்யுள்.

இதோடு நவீன மொழியியலிலிருந்து இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். ட்ருபெட்ஸ்காயும் யாக்கப்சனும் 1930களில் 'குறியுள்ளது / குறியற்றது' என்றொரு எதிர்வை முன்வைத்தார்கள். ஓர் இணையில் ஒன்று கூடுதல் அடையாளத்தோடு வரும். மற்றது அடையாளமில்லாமல் சும்மா வரும். அப்படிச் சும்மா வருவது 'இயல்பு' என்ற இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. நம் வேற்றுமைகளில் எழுவாய்க்கு உருபு இல்லாததைப் போல.

கோழியை எடுத்துக்கொள்வோம். என் சிறுவயதில் கோழி என்றால் முற்றத்தில் மேய்கிற கோழி. கறிக்கடைக்கு வந்த புதுக்கோழிக்குத்தான் 'பிராய்லர்' என்ற அடை தேவைப்பட்டது. இன்றைக்கு 'ஒரு கிலோ கோழி வாங்கிட்டு வா' என்றால் பிராய்லர்தான் வீட்டுக்கு வரும். முற்றத்துக் கோழி 'நாட்டுக்கோழி'யாகிவிட்டது. பால் 'கறந்த பால்' ஆனதும், எண்ணெய் 'செக்கெண்ணெய்' ஆனதும், அரிசி 'கைக்குத்தல் அரிசி' ஆனதும் இப்படித்தான். அந்நியமாக வந்தது குறியை உதிர்த்துவிட்டு இயல்பாகிவிட்டது. இயல்பாக இருந்தது குறியைச் சுமந்துகொண்டு விசேஷமாகிவிட்டது. பசுமைப் புரட்சியின் வெற்றியை மகசூல் கணக்கில் மட்டும் பார்த்தால் போதாது. அது இலக்கணத்திலும் வென்றிருக்கிறது. பூச்சிமருந்தடித்த கத்திரிக்காய் இன்று வெறும் 'கத்திரிக்காய்'. அடிக்காதது 'ஆர்கானிக் கத்திரிக்காய்'.

இதன் நடைமுறை விளைவு ரொம்பச் சாதாரணமானது. மருந்தடிக்காத விவசாயி தான் அடிக்கவில்லை என்று நிரூபிக்க வேண்டும்; பதிவேடு எழுத வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும், ஆய்வாளருக்காகக் காத்திருக்க வேண்டும். அடித்தவர் எதையும் நிரூபிக்க வேண்டாம், எதையும் எழுதி ஒட்டவும் வேண்டாம். குற்றமற்றவர் சான்றிதழோடு அலைய, மற்றவர் கைவீசி நடக்கும் ஏற்பாடு இது.

3

'ஆர்கானிக்' என்ற சொல்லின் கதையைக் கொஞ்சம் பார்ப்போம். ஆல்பர்ட் ஹோவர்ட் 1920களில் இந்தூரில் உருவாக்கிய மட்குரம் தயாரிக்கும் முறை, இந்திய விவசாயிகளிடமிருந்து அவர் கற்றதையும் சேர்த்துக்கொண்டது. 'ஆர்கானிக் விவசாயம்' என்ற தொடரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் இங்கிலாந்தின் நார்த்போர்ன் பிரபு, வருடம் 1940. அவர் சொன்ன 'ஆர்கானிக்' என்பதற்கு ரசாயனம் இல்லாதது என்பது மட்டும் பொருளன்று. பண்ணையே ஓர் உயிரி, அதன் உறுப்புகள் ஒன்றையொன்று சார்ந்தவை என்ற பொருளில்தான் அவர் எழுதினார். இப்படிப் பார்த்தால் நம் அரசாங்கத் தமிழில் உள்ள 'அங்ககம்' என்ற சொல்லைக் கேலி செய்ய வேண்டியதில்லை. அங்கங்களின் கூட்டு என்ற மூலப்பொருளுக்கு அது மிக நெருக்கமானது. கோயம்புத்தூரில் இருப்பது 'விதைச்சான்று மற்றும் அங்ககச்சான்றளிப்புத் துறை'. தமிழக அரசு 2023-ல் வெளியிட்டது 'அங்கக வேளாண்மைக் கொள்கை'. நம்மாழ்வாரும் (1938–2013) அவரைச் சுற்றி உருவான இயக்கமும் சொன்னது 'இயற்கை வேளாண்மை'. கடைக்காரர் சொல்வது 'ஆர்கானிக்'. மூன்று சொற்களும் மூன்று அதிகார மையங்களிலிருந்து வருகின்றன: அரசு, இயக்கம், சந்தை. அலமாரியில் ஜெயித்தது எது என்று சொல்லத் தேவையில்லை.

முத்திரைகளுக்கு வருவோம். அங்கக உற்பத்திக்கான தேசியத் திட்டம் 2001-ல் நடைமுறைக்கு வந்தது. அதை நடத்துவது வேளாண் அமைச்சகம் அல்ல. வர்த்தக அமைச்சகத்தின் கீழுள்ள ஏற்றுமதி ஆணையமான அபெடா. 'இந்தியா ஆர்கானிக்' முத்திரை முதலில் பேசியது ஐரோப்பிய, அமெரிக்க வாங்குபவர்களிடம்தான் என்பது இதிலிருந்தே விளங்கும். பிறகு 2011-ல் வேளாண் அமைச்சகம் 'பங்கேற்பு உத்தரவாத முறை' என்ற இன்னொரு வழியைத் திறந்தது. 2017-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதிகளை வகுத்து, இரண்டுக்கும் பொதுவாக 'ஜைவிக் பாரத்' என்ற முத்திரையைக் கொண்டுவந்தது. தமிழ்நாட்டு அலமாரியில் அது ஹிந்திப் பெயரோடு வந்து நின்றது. வாசிக்க முடியாத எழுத்துக்கு மந்திரத்தின் மதிப்பு கிடைப்பது நமக்குப் புதிதல்ல.

இந்த முத்திரைகள் சட்டப்படி எதைச் சொல்கின்றன? செய்முறையைச் சொல்கின்றன. செயற்கை உரம், செயற்கைப் பூச்சிக்கொல்லி, மரபணு மாற்றிய விதை ஆகியவை இல்லாமல் விளைந்தது, அதற்கான பதிவேடு இருக்கிறது என்கின்றன. ரசாயன விவசாயத்திலிருந்து மாறுகிற நிலத்துக்கு நெல், காய்கறி போன்ற பருவப் பயிரென்றால் 2 ஆண்டு, தென்னை, மிளகு போன்ற நீண்டகாலப் பயிரென்றால் 3 ஆண்டு மாறுதல் காலம் உண்டு. சத்து அதிகம், ருசி அதிகம், நோய் தீரும் என்று எந்த முத்திரையும் சொல்லவில்லை. விளைவித்தவருக்கு நியாயமான கூலி கிடைத்தது என்றும் சொல்லவில்லை. முத்திரை பேசுவது அவ்வளவுதான். மற்றதெல்லாம் நம் வாசிப்பு.

4

அந்த வாசிப்பு எப்படி நிகழ்கிறது என்பதற்குச் சில சோதனைகள் உண்டு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஷுல்ட், ஷ்வார்ஸ் இருவரும் 2010-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரே கலோரி அளவு குறிக்கப்பட்ட இரண்டு பிஸ்கட்டுகளைப் பற்றி மாணவர்களிடம் கேட்டார்கள். ஒன்று சாதாரணம், ஒன்று ஆர்கானிக் மாவும் சர்க்கரையும் கொண்டு செய்தது. ஆர்கானிக் பிஸ்கட்டில் கலோரி குறைவு, அதை அடிக்கடி தின்னலாம் என்று மாணவர்கள் கருதினார்கள். அடுத்த கேள்வி இன்னும் சுவாரசியமானது. உடல் இளைக்க விரும்பும் ஒரு பெண் இன்றைக்கு ஓடப்போக வேண்டாம் என்று நினைக்கிறாள், சரியா? அவள் ஆர்கானிக் இனிப்பைத் தின்றிருந்தாள் என்று சொல்லப்பட்டபோது 'பரவாயில்லை, விட்டுவிடலாம்' என்று தாராளமாகச் சொன்னார்கள். விவசாய முறை பற்றிய ஒரு சொல் உடற்பயிற்சிக்கான பாவமன்னிப்பாக மாறிவிடுகிறது.

சுவீடனின் யேவ்லெ பல்கலைக்கழகத்தில் 2013-ல் நடந்தது வேறொரு சோதனை. இரண்டு கோப்பைகளில் ஒரே காப்பி. ஒன்று சுற்றுச்சூழலுக்குக் கேடில்லாத முறையில் விளைந்தது என்று சொல்லிக் கொடுத்தார்கள். பலருக்கு அந்தக் கோப்பைதான் ருசித்தது. கூடுதல் காசு கொடுக்கவும் தயாரானார்கள். நாக்கே சொல்லைத்தான் சுவைக்கிறது என்றால், 'ருசி பார்த்து வாங்குகிறேன்' என்று நாம் சொல்வதற்கு என்ன அர்த்தம்?

உளவியலார் இதை ஒளிவட்ட விளைவு என்கிறார்கள். எட்வர்ட் தார்ன்டைக் 1920-ல் வைத்த பெயர். ராணுவ அதிகாரிகள் தம் கீழுள்ளவர்களில் ஒரு குணத்தில் நல்லவர் என்று கருதியவரை எல்லாக் குணத்திலும் நல்லவராக மதிப்பிட்டதை அவர் கவனித்தார். நம் மொழியில் சொன்னால் இனஞ்சுட்டிய அடை இனஞ்சுட்டா அடையாக உப்பிவிடுவது. 'இன்ன முறையில் விளைந்தது' என்ற தகவல் 'எல்லா வகையிலும் நல்லது' என்ற துதியாகிவிடுகிறது.

அப்படியானால் ஆர்கானிக் உணவில் ஒன்றுமே இல்லையா என்று கேட்கலாம். அப்படிச் சொல்ல முடியாது. 2012-ல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது சத்து அதிகம் என்பதற்கு வலுவான சான்று கிடைக்கவில்லை. ஆனால் பூச்சிக்கொல்லி எச்சம் இருக்கும் வாய்ப்பு குறைவு என்று கண்டார்கள். 2014-ல் நியூகாசில் பல்கலைக்கழகத்தவர் செய்த தொகுப்பில் சில ஆக்சிஜனேற்றத் தடுப்பிகள் கூடுதலாகவும் கேட்மியம் குறைவாகவும் தெரிந்தன. நஞ்சு குறைவு என்பது உண்மையான நன்மை. சத்து பற்றிய விவாதம் முடியவில்லை. முத்திரையை வாங்குபவர் இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை என்பதுதான் பிரச்சினை.

முத்திரையே தவறாகவும் ஒட்டப்படலாம். இந்திய எள்ளில் எத்திலீன் ஆக்சைடு கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, 2022 தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியம் ஐந்து இந்தியச் சான்றளிப்பு நிறுவனங்களுக்கான அங்கீகாரத்தைத் தொடரவில்லை. அதற்கு முன்பே 2021-ல் அமெரிக்கா அபெடாவுடனான அங்கீகார ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. சான்றளிப்பவருக்குச் சான்றளிப்பவர் யார் என்ற சங்கிலிக்கு முடிவில்லை.

5

இதை நம் ஊர்ப் பண்டங்களில் வைத்துப் பார்ப்போம்.

கருப்பட்டி. பனைக்கு யாரும் யூரியா வைப்பதில்லை. பூச்சிமருந்து அடிப்பதும் வழக்கமில்லை. எனவே 'ஆர்கானிக் கருப்பட்டி' என்பது ஏறக்குறைய செஞ்ஞாயிறு மாதிரிதான். கருப்பட்டியில் உண்மையான கவலை வேறு: அக்கானியோடு சீனியைச் சேர்த்துக் காய்ச்சுவது. இது விளைச்சலில் வருகிற குறையன்று, கலப்படம். 'ஆர்கானிக்' என்ற அடை இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. ஆனால் பதில் சொல்லிவிட்டது போன்ற நிம்மதியைத் தருகிறது. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லி, கேட்க வேண்டிய கேள்வியை மறக்கடிக்கிறது.

தேன். மார்த்தாண்டம் வட்டாரத்தில் ஒய்.எம்.சி.ஏ. நூறாண்டுகளுக்கு முன் பெட்டித் தேனீ வளர்ப்பைப் பரப்பியது. 1990களின் தொடக்கத்தில் வைரஸ் நோய் வந்து தேனீக் கூட்டங்கள் கொத்துக்கொத்தாக அழிந்து, மெல்ல மீண்டன. இங்கே எடுக்கப்படும் தேனில் பெரும்பங்கு ரப்பர் தேன். ரப்பர் மரம் தளிர்க்கும்போது இலைக்காம்பில் சுரக்கும் இனிப்பைத்தான் தேனீ எடுக்கிறது, பூவிலிருந்து அல்ல. குப்பியில் ஒட்டிய படத்திலோ காடும் மலையும் பூவும் இருக்கும். ரப்பர் தோட்டத்தின் இலைக்காம்பு படத்துக்கு உகந்ததில்லை போலும். தேன் வாங்குபவரின் உண்மையான பயமும் கலப்படம் பற்றியதுதான். டெல்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2020-ல் 13 நிறுவனங்களின் தேனை ஜெர்மன் ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதித்தபோது 10 தேறவில்லை என்று அறிவித்தது, நிறுவனங்கள் மறுத்தன. 'சுத்தமான' என்ற அடை அந்தக் குப்பிகளிலும் இருந்ததை நாம் பார்த்திருக்கிறோம்.

மட்டிப்பழம். நம் மாவட்டத்தில் பச்சைப்பிள்ளைகளுக்கு முதலில் ஊட்டுகிற பழம். 2023-ல் கன்னியாகுமரி மட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தோஷமான விஷயம். ஆனால் அந்தக் குறியீடு எங்கே விளைந்தது என்பதைத்தான் சொல்கிறது. வாழை மூட்டில் குருணை மருந்து போட்டார்களா என்பதைப் பற்றி அது பேசாது. 'ஜி.ஐ. கிடைச்ச பழம், மருந்தெல்லாம் கெடையாது' என்று சொல்லி விற்பவரையும், தலையாட்டி வாங்குபவரையும் நான் பார்த்திருக்கிறேன். ஒரு முத்திரையின் ஒளிவட்டம் இன்னொன்றின் மேல் சாய்கிறது.

சிவப்பரிசி. நாஞ்சில் நாட்டில் சம்பா அரிசிச்சோறு சாதாரண வீட்டுச்சோறு. வெளியூர்க் கடைகளில் அதே நிறம் 'பாரம்பரியம்', 'ஆரோக்கியம்' என்பவற்றின் குறிப்பானாகிவிட்டது. அரிசியின் சிவப்பு தவிட்டின் நிறம், ரகத்தின் குணம். சிவந்த நெல்லுக்கும் யூரியா போடலாம். வெள்ளை நெல்லையும் இயற்கையாக விளைவிக்கலாம். நிறம் செய்முறைக்குச் சாட்சி ஆகாது.

உண்மையில் சாட்சி சொல்லக்கூடிய ஓர் அடையாளத்தை நாம் ஒதுக்குகிறோம். வடசேரிச் சந்தையில் காய்கறி விற்கும் ஒரு அம்மாவிடம் கத்திரிக்காயைக் காட்டி, 'இது மருந்தடிச்சதாம்மா?' என்று கேட்டேன். 'மருந்தடிக்காம இப்போ எங்க மக்கா கத்திரிக்கா காய்க்கு? புழுக்குத்து விழுந்தது இந்தா தனியா கெடக்கு. ஒருத்தரும் தொடமாட்டாவ, வேணும்னா எடுத்துக்கோ' என்றார். குறியியலார் பியர்ஸ் சொல்லும் வகைப்பாட்டில் புழு போட்ட ஓட்டை ஒரு சுட்டுக்குறி. புகை நெருப்பைச் சுட்டுவது மாதிரி. முத்திரையோ மரபுக்குறி, யாரோ சொல்லி, நாம் ஒப்புக்கொண்டது. ஓட்டை முழுச் சான்று ஆகாதுதான், மருந்தையும் தாண்டி வாழும் புழு உண்டு. ஆனாலும் நாம் தேடுவது ஓட்டையே இல்லாத, பளபளப்பான, மருந்தடித்த காயின் தோற்றமுள்ள, மருந்தடிக்காத காயை. இந்த முரணை முத்திரை தீர்த்துவைக்கிறது: கண்ணுக்கு அது, மனசுக்கு இது.

6

இதுவரை சொன்னது உண்பவரைப் பற்றி. முத்திரை குறித்த நம் பேச்செல்லாம் உண்பவரின் உடம்பைச் சுற்றியே நடப்பதுதான் எனக்குப் பெரிய கவலை. நஞ்சு முதலில் போய்ச் சேர்வது தெளிப்பவரின் உடம்பில். 2017-ல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பூச்சிமருந்து தெளித்த விவசாயிகளும் கூலிகளும் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்கள் தெளித்தது பருத்திக்கு. பருத்தியை யாரும் தின்பதில்லை. பக்கத்துக் கேரளத்தில் காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களின் மேல் 1970களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்ஃபான் தெளித்தார்கள். ஊனமும் நோயுமாகத் துன்பப்பட்டவர்கள் முந்திரிப்பருப்பைத் தின்றவர்கள் அல்லர். தோட்டத்தை ஒட்டிக் குடியிருந்தவர்கள். 2011-ல் உச்ச நீதிமன்றம் தடை விதிக்கும் வரை அந்த மருந்து மற்ற மாநிலங்களில் புழங்கியது. அந்தத் தடை எந்த முத்திரையாலும் வரவில்லை. பாதிக்கப்பட்டவர்களின் போராட்டத்தால் வந்தது. 'எனக்கும் என் பிள்ளைக்கும் நஞ்சில்லாத சாப்பாடு' என்று வாங்குபவர் தன் தட்டைச் சுத்தமாக்கிக்கொள்கிறார். கை உறைகூட இல்லாமல் மருந்து தெளிக்கிறவர் அந்தத் தட்டில் எங்கேயும் இல்லை.

முத்திரை யாருக்குக் கிடைக்கும் என்றும் பார்க்க வேண்டும். நம் பக்கத்தில் வாழை போடுகிறவர்களில் பலர் பாட்டத்துக்கு நிலம் எடுத்தவர்கள். அடுத்த வருஷம் இந்த வயல் கைக்கு வருமா, வீட்டுமனையாகுமா என்று தெரியாதவர் 2 ஆண்டு, 3 ஆண்டு மாறுதல் காலத்தை எப்படித் தாண்டுவார்? அந்தக் காலத்தில் மகசூல் குறையலாம். ஆனால் முழு முத்திரைக்கான விலை கிடைக்காது. மண்ணில் உழைப்பைச் சேமித்து வைக்க, மண் சொந்தமாக இருக்க வேண்டும். ஆகவே ஆர்கானிக் சான்றிதழ் ஓர் அர்த்தத்தில் பட்டாவின் நீட்சி.

'நம் முன்னோர் உணவு' என்ற வாசகத்தையும் கொஞ்சம் கிளறிப் பார்க்கலாம். யாருடைய முன்னோர்? திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1855-ல். அதற்கு முன் நாஞ்சில் நாட்டு வயல்களில் விளைந்த நெல் முழுக்க முழுக்க ஆர்கானிக். ஒரு துளி ரசாயனம் கிடையாது. அதை உழுது, நட்டு, அறுத்துக் கொடுத்த அடிமைச் சாதியினருக்கு அந்த நெல் சோறாகவில்லை. ஏழைகளின் வயிற்றை நிறைத்தது மரச்சீனியும் மீனும். மரச்சீனியோ கடல் கடந்து வந்தது. 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் காலத்தில் ஊக்குவிக்கப்பட்டது. அலமாரியின் பாரம்பரியப் பகுதியில் அதற்கு இடம் சிறிதே. மீனுக்கு இடமே இல்லை. இந்திய உணவுப் பொட்டலங்களில் நாம் அதிகம் பார்த்துப் பழகிய குறி, 2001-ல் கட்டாயமாக்கப்பட்ட சைவ / அசைவப் புள்ளி. பச்சை என்றால் தூய்மை என்று அது நம் கண்ணைப் பழக்கிவிட்டது. அந்தப் பழகிய பச்சையின் மேல்தான் ஆர்கானிக்கின் பச்சையும் வந்து உட்காருகிறது. 'சுத்தம்', 'தூய', 'சாத்விகம்' என்று அடைகள் வளர்வதைக் கவனியுங்கள். நஞ்சு பற்றிய பேச்சு தீட்டு பற்றிய பேச்சாக வழுக்கிப்போக இந்தச் சமூகத்தில் அதிக தூரம் தேவையில்லை.

இதனால் நான் ரசாயன விவசாயத்துக்கு வக்காலத்து வாங்குவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ரசாயனம் இல்லாமை நியாயத்துக்கு உத்தரவாதம் ஆகாது என்றுதான் சொல்கிறேன். நம்மாழ்வாரின் பேச்சில் விதையும் கடனும் விவசாயியின் சுயசார்பும் மையமாக இருந்தன. அந்த அரசியலிலிருந்து உண்பவரின் ஆரோக்கியத்தை மட்டும் உருவி எடுத்துப் பொட்டலம் கட்டியிருக்கிறது சந்தை.

7

என்ன செய்யலாம்? முத்திரையைத் தூக்கியெறிவது தீர்வில்லை. விளைவித்தவரை முகம் பார்த்துக் கேட்க முடியாத தூரத்தில் நாம் வாங்குகிறோம். அந்த இடத்தில் ஏதோ ஒரு உத்தரவாதம் தேவைதான். மூன்று விஷயங்களைப் பரிசீலிக்கலாம்.

ஒன்று, பங்கேற்பு உத்தரவாத முறை. இதில் குறைந்தது ஐந்து விவசாயிகள் சேர்ந்த குழு ஒருவர் வயலை மற்றவர் பார்த்துச் சான்று சொல்கிறது. அபெடா வழியில் குழுச் சான்றிதழ் வேண்டுமானால் 25 பேராவது வேண்டும். தெற்கு பிரேசிலில் எக்கோவிடா கூட்டமைப்பு 1998 முதல் இதைச் செய்துவருகிறது. அங்கே உண்பவர்களும் வயலுக்குப் போகிறார்கள். நம் வாசகர் வட்டங்கள், மாதர் அமைப்புகள், ஆசிரியர் சங்கங்கள் ஏன் ஒரு குழுவின் வயலை வருஷத்துக்கு இரண்டு தடவை, கன்னிப்பூவுக்கு ஒன்று கும்பப்பூவுக்கு ஒன்று என்று போய்ப் பார்க்கக் கூடாது? அப்போது வாங்குபவர் சாட்சியாகிறார். அந்தப் பார்வையில் பாட்டக்காரரின் நிலைமையும் அறுப்புக்காரியின் கூலியும் கண்ணில் பட வாய்ப்புண்டு.

இரண்டு, குறியின் திசையை மாற்றக் கோருவது. மருந்தடிக்காதவர் நிரூபிப்பதற்குப் பதிலாக, அடித்தவர் என்ன மருந்து, எத்தனை தடவை, அறுப்புக்கு எத்தனை நாள் முன்பு என்று அறிவிக்க வேண்டும் என்று கேட்பது. சந்தைக் காய்கறிகளில் நஞ்செச்சம் சோதித்து முடிவை அதே சந்தையில் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும் என்று கேட்பது. நாளைக்கே நடக்காது. ஆனால் கோரிக்கை எழுந்தாலே 'இயல்பு' கொஞ்சம் ஆட்டம் காணும்.

மூன்றாவதுதான் முக்கியமானது. பிரேசில் 2009-ல் கொண்டுவந்த சட்டம், பள்ளி உணவுக்கான மத்திய நிதியில் குறைந்தது 30 விழுக்காட்டைச் சிறு குடும்ப விவசாயிகளிடம் செலவிட வேண்டும் என்று விதித்தது. இயற்கை விளைச்சலுக்குக் கூடுதல் விலை கொடுக்கவும் அங்கே வழி உண்டு. தமிழ்நாட்டில் 1982-ன் சத்துணவுத் திட்டம் இருக்கிறது, 2022-ல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் இருக்கிறது, ரேஷன் இருக்கிறது. இத்தனை பெரிய பொதுச் சமையலறை உள்ள மாநிலத்தில், நஞ்சில்லாத அரிசியும் காயும் ஏன் தனிக்கடையின் விசேஷமாக இருக்க வேண்டும்? தோவாளைப் பள்ளிக்கூடத்துக்குத் தோவாளைப் பாட்டக்காரரிடமிருந்து வாங்குவதற்கு அரசு மாறுதல் காலத்துக்கும் சேர்த்து விலை கொடுக்குமானால், அங்கக வேளாண்மைக் கொள்கைக்கு ஓர் அங்கம் கிடைக்கும்.

தட்டோடு வரிசையில் நிற்கிற பிள்ளை முத்திரையை வாசித்துத் தேர்ந்தெடுப்பதில்லை. போடுவதைத் தின்கிறது. தேர்வு என்பதே இல்லாதவர்களுடைய சோற்றில் என்ன இருக்கிறது என்பதை வைத்துத்தான் ஒரு சமூகத்தின் உணவு அரசியலை அளக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அந்தச் சோற்றுக்கு ஆர்கானிக், பாரம்பரிய, சுத்த என்று எந்த அடையும் வேண்டாம். சோறு என்று சொன்னால் போதும் என்ற நிலை திரும்ப வர வேண்டும். அதுவும் இந்தத் தடவை எல்லோருக்குமாக.